தழும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை

முதுகு வலிக்காக ஒரு ஸ்கேன் எடுக்கப் போனேன். சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். கல் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் மட்டும், கேட்காமலே, "ஈரலில் கொழுப்பு, இரண்டாம் கிரேடு" என்று இருந்தது.

டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இப்ப பாதிப் பேருக்கு இருக்கு சார், எடையைக் குறைங்க" என்றார். சீட்டை மடித்துக் கொடுக்கும்போதுதான் நினைவு வந்ததுபோலக் கேட்டார்: "ட்ரிங்க்ஸ் எடுப்பீங்களா?"

இல்லை என்றேன். என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததல்ல, சித்தப்பாவைப் பார்த்தது.

சித்தப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. சர்க்கரை இருந்தது, வயிறு கொஞ்சம் முன்னே தள்ளியிருந்தது, அவ்வளவுதான். 2012-இல் ஒருநாள் விடியற்காலையில் இரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோபி செய்துவிட்டு, உணவுக்குழாயில் இரத்தக்குழாய்கள் வீங்கி வெடித்திருக்கின்றன, ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். அடுத்த ஐந்து மாதமும் ஆள் மாற்றி ஆள் அதே கேள்வியைக் கேட்டார்கள். எத்தனை வருஷமா குடிக்கிறார்? சித்தி இல்லை என்று சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள், புருஷனை விட்டுக்கொடுக்காத மனைவி என்ற பரிதாபம். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர்கூட என்னைத் தனியாக அழைத்து, "நமக்குள்ள இருக்கட்டும், குடிப்பாரா?" என்றார்.

அதனால் அந்த ஸ்கேன் சீட்டை மற்றவர்களைப்போல மேசை இழுப்பறையில் போட்டுவிட என்னால் முடியவில்லை. படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. எண்களைப் பார்த்துப் பயப்படாத ஒரு ஆள், அவ்வளவே. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஈரல் மருத்துவம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

முதலில் பெயர். குடிக்காதவர்களின் ஈரலும் குடிப்பவர்களின் ஈரலைப் போலவே கெட்டுப்போவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்கூறியலாளர் 1980-இல் எழுதினார். மொத்தம் 20 நோயாளிகள். இதுவரை பெயரில்லாத நோய் என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டு, அவரே ஒரு பெயரும் வைத்தார்: மது சாராத கொழுப்பு ஈரல் அழற்சி. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர்தான் ஓடியது. ஒரு நோயை அது என்னவாக இல்லையோ அதை வைத்து அழைத்தால் என்ன ஆகும்? கேட்கிறவர் காதில் "மது" மட்டும்தான் விழும். 2023 ஜூனில் உலகின் ஈரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து பெயரை மாற்றின. இப்போது அது வளர்சிதை மாற்றக் கோளாற்றை ஒட்டிய கொழுப்பு ஈரல் நோய். ஈரலில் கொழுப்பு இருக்க வேண்டும். கூடவே உடல் எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் ஒன்றாவது கோணலாக இருக்க வேண்டும். மதுவும் சேர்ந்துகொண்டவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. புதிய பெயர் வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் சித்திக்கு அது பத்து வருடம் முன்னால் கிடைத்திருக்கலாம்.

சரி, பெயரை விடுங்கள். நான் படித்ததில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. என் சீட்டில் எழுதியிருந்த "கிரேடு" கொழுப்பின் கிரேடு. அல்ட்ராசவுண்ட் திரையில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்துப் போடுவது. ஒருவர் எத்தனை நாள் இருப்பார், ஈரல் எப்போது கைவிடும் என்பதைச் சொல்வது அந்தக் கிரேடு அல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: தழும்பைப் பாருங்கள். ஃபைப்ரோசிஸ் என்கிறார்களே, அது. தழும்புக்கு நிலை 0 முதல் 4 வரை உண்டு. நான்காவது நிலைதான் சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கம். கொழுப்பு மூன்றாம் கிரேடும் தழும்பு பூஜ்யமுமாக ஒருவர் இருக்கலாம். அதைவிட விசித்திரம், சுருக்கம் முற்றும்போது ஈரலிலிருந்து கொழுப்பு வடிந்துபோவதும் உண்டு. கொழுப்பு இல்லை என்று ஸ்கேன் சொல்லும், ஈரலே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

என் சீட்டில் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாதாரண அல்ட்ராசவுண்டுக்கு ஆரம்பத் தழும்பு தெரியாது என்பதுதான் காரணம். டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியாது.

தழும்பு எப்படி உண்டாகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈரலுக்குள் நட்சத்திர வடிவச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. நல்ல நாளில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும் சாதுக்கள். பக்கத்தில் ஈரல் செல்கள் தொடர்ந்து அடிபட்டால் இவை குணம் மாறி, நார் நாராகக் கொலாஜனை உமிழ ஆரம்பிக்கும். காயத்துக்குத் தையல் போடும் வேலைதான். காயம் நிற்காததால் தையலும் நிற்பதில்லை. இத்தனையும் வலியே இல்லாமல் நடக்கிறது. ஈரலின் மேல் உறைக்குத்தான் வலி உணரும் நரம்பு, உள்ளே கிடையாது.

இனி எண்கள். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2006-இல் வெளியானது, எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் வைரஸும் சேர்ந்து தொற்றியவர்களுக்காக முதலில் உருவாக்கினார்கள், பிறகு கொழுப்பு ஈரலுக்கும் பொருந்துவதைக் கண்டார்கள். நான்கே எண்கள் போதும்: வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட். நடுவில் உள்ள இரண்டும் ஈரல் செல்கள் அடிபட்டால் இரத்தத்தில் கூடும் நொதிகள், பழைய சீட்டுகளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இருக்குமே, அவைதான். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிளேட்லெட்டை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதைக் கொண்டு முன்னதை வகுக்க வேண்டும்.

என்னுடையது: வயது 51, ஏ.எஸ்.டி. 52, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 1.9 லட்சம். கணக்கில் அதை 190 என்று போட வேண்டும். 64-இன் வர்க்கமூலம் 8 என்று முழு எண்ணாக வந்ததில் ஒரு அற்ப சந்தோஷம். 2652-ஐ 1520-ஆல் வகுத்தால் 1.74. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு; 2.67-க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்வார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த சோதனை தேவை.

ஈரலுக்கான கணக்கில் பிளேட்லெட்டுக்கு என்ன வேலை என்று எனக்கு முதலில் புரியவில்லை. தழும்பு கட்டிப்போன ஈரலுக்குள் இரத்தம் எளிதாக நுழையாது. வரும் வழியிலேயே தேங்கி அழுத்தம் ஏறும். அந்தத் தேக்கத்தில் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் எண்ணிக்கை குறையும். அதே அழுத்தம்தான் உணவுக்குழாயின் இரத்தக்குழாய்களையும் புடைக்க வைக்கிறது. அதாவது பிளேட்லெட் குறைவது ஈரல் சத்தமில்லாமல் எழுதும் கடிதம், வாந்தியில் வரும் இரத்தம் அதே கடிதத்தின் கடைசிப் பக்கம்.

அடுத்த சோதனை எலாஸ்டோகிராஃபி, ஈரலின் இறுக்கத்தை அளப்பது. முன்பெல்லாம் தழும்பைப் பார்க்க வேண்டுமானால் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி ஈரலில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். பயாப்ஸி. அந்தத் துணுக்கு முழு ஈரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. அந்த இடத்தில் தழும்பு குறைவாக இருந்துவிட்டால் தப்பாக நிம்மதி அடைய வேண்டியதுதான். 2003-இல் பாரிஸைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது.

படுக்கச் சொன்னார்கள். வலது கையைத் தலைக்குப் பின்னால் மடித்து வைக்க வேண்டும், விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரிவதற்காக. "சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆச்சா?" என்று இரண்டு முறை கேட்டார் டெக்னீஷியன் பெண். சாப்பிட்டவுடன் ஈரலுக்குப் போகும் இரத்தம் கூடி, இல்லாத இறுக்கத்தைக் காட்டிவிடுமாம். குளிர்ந்த ஜெல், அதன்மேல் தடித்த பேனா மாதிரி ஒரு கருவி. ஒவ்வொரு அளவீட்டுக்கும் விலாவில் ஒரு சுண்டு. யாரோ உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டுவதுபோல. அந்தத் தட்டல் ஈரலுக்குள் அலையாக ஓடுகிறது. ஈரல் இறுகியிருந்தால் அலை வேகமாக ஓடும். பத்து தட்டல்கள், பத்து எண்கள், அவற்றின் இடைநிலை. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இறுக்கம் 9.4 கிலோ பாஸ்கல் என்று வந்தது. 8-க்குக் கீழே இருந்தால் வீட்டுக்குப் போகலாம். என்னுடையது ஈரல் நிபுணரிடம் போக வேண்டிய எண்.

வீட்டுக்கு வந்து அன்றிரவு மருந்துகளைப் பற்றிப் படித்தேன். இந்த நோய்க்கென்று ஒரு மருந்தும் இல்லாத காலம் ரொம்ப நீளமானது. வரிசையாகப் பல மருந்துகள் கடைசிக் கட்டத்தில் விழுந்தன. 2024 மார்ச்சில்தான் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. அதன் தந்திரம் எனக்குப் பிடித்திருந்தது. தைராய்டு ஹார்மோன் ஈரலின் கொழுப்பை எரிக்கும், ஆனால் இதயத்தையும் படபடக்க வைக்கும். ஈரலில் அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் பூட்டு பெரும்பாலும் பீட்டா வகை, இதயத்தில் ஆல்ஃபா வகை. பீட்டாவுக்கு மட்டும் பொருந்தும் சாவியைச் செய்தார்கள், அதுதான் இந்த மாத்திரை. 966 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்துப் பயாப்ஸி செய்து பார்த்ததில், தழும்பு ஒரு நிலையாவது குறைந்தவர்கள் கூடிய அளவு மருந்தில் 25.9 சதவீதம். அடுத்து 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைடு. சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் அதே வாராந்திர ஊசி, இப்போது ஈரலுக்கும். 72 வாரங்களில் அழற்சி அடங்கியவர்கள் 62.9 சதவீதம், தழும்பு குறைந்தவர்கள் 36.8 சதவீதம்.

செய்திகளில் இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் கொஞ்சம் கோபம் வருகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெற்று மருந்து பெற்றவர்களின் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டாமா? செமாக்ளூடைடு ஆய்வில் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே 34.3 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது, 22.4 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. ரெஸ்மெட்டிரோம் ஆய்வில் வெற்று மாத்திரைக்காரர்களில் 14.2 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. ஆய்வில் சேர்ந்தவுடன் மனிதர்கள் நடக்கத் தொடங்குகிறார்கள், சாப்பாட்டைக் கவனிக்கிறார்கள். போதாததற்கு இரண்டாம் முறை பயாப்ஸி ஊசி இறங்கிய இடம் முதல் இடமாகவும் இருக்காது. ஆகவே மருந்தால் கிடைத்தது இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான். செமாக்ளூடைடில் தழும்பைப் பொறுத்தவரை அது நூற்றுக்குச் சுமார் 14. ஏழு பேர் ஊசி போட்டுக்கொண்டால் ஒருவருக்கு, ஊசியால் மட்டுமே கிடைக்கக்கூடிய பலன். சின்னதாகத் தோன்றலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏழில் ஒன்று என்பது சின்னதில்லை, சித்தப்பாவைக் கேட்டால் சொல்வார். ஆனால் அதிசய ஊசி என்று தலைப்புப் போடும் அளவுக்குப் பெரியதும் இல்லை. வயிற்றுப்போக்கும் குமட்டலும் இரண்டிலும் உண்டு. இரண்டுமே தழும்பு நிலை 2, 3-க்குத்தான். சுருக்கம் வந்துவிட்ட 71 பேரை வைத்துச் செமாக்ளூடைடைச் சோதித்துப் பார்த்தார்கள், தழும்பு அசையவில்லை. சீக்கிரம் தெரிந்தால்தான் மருந்துக்கும் வேலை.

எடை விஷயத்தில் டாக்டர் சொன்னது சரிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-இல் வந்த ஒரு ஆய்வில் 293 பேரை ஒரு வருடம் உணவு, நடை என்று வைத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி போய்விட்டது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்தது. மேலே சொன்ன இரண்டு மருந்தும் எட்டாத எண். அவ்வளவு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. "எடையைக் குறைங்க" என்று மூன்று வினாடியில் சொல்லிவிடலாம், பத்தில் ஒருவராக இருப்பது வேறு.

ஈரல் தழும்பு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், திரும்பாது என்றே நான் நம்பியிருந்தேன். சித்தப்பா விஷயத்தில் அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அப்போது மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அதை உடைத்தது ஹெபடைட்டிஸ் பி என்ற இன்னொரு ஈரல் வைரஸுக்கான டெனோஃபோவிர் மாத்திரை. ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்ட 348 பேருக்கு முன்னும் பின்னும் பயாப்ஸி செய்தார்கள். தொடக்கத்தில் 96 பேருக்குச் சுருக்கம் இருந்தது. ஐந்தாம் வருடம் அவர்களில் 71 பேருக்குச் சுருக்கம் இல்லை. 2013-இல் வெளியான ஆய்வு இது. வைரஸ் அடங்கியதும் அந்த நட்சத்திரச் செல்களில் சில செத்துப்போகின்றன, சில பழையபடி சாதுக்களாகின்றன, துப்புரவுச் செல்கள் வந்து நாரைக் கரைக்கின்றன. காயம் நின்றால் தையல் பிரியும். அதே 2013 டிசம்பரில்தான் ஹெபடைட்டிஸ் சி-க்கு சோஃபோஸ்புவிர் வந்தது. அதுவரை ஒரு வருடம்வரை ஊசி போட்டு, காய்ச்சலும் மனச்சோர்வும் அனுபவித்து, பாதிப் பேர்தான் குணமானார்கள். இப்போது இத்தகைய மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம். அந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் கொடுத்தார்கள். குணமாக்க முடிந்தும், 2022 நிலவரப்படி உலகில் 5 கோடிப் பேர் இதோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பலருக்கும் தொற்று இருப்பதே தெரியாது. மறுபடியும் அதே கதை, யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

எல்லை தாண்டிவிட்டவர்களுக்கு மாற்று ஈரல்தான். சித்தப்பாவுக்கும் அந்தப் பேச்சு எழுந்தது, அதற்குள் காலம் போய்விட்டது. எடுத்த ஈரலைப் பனிக்கட்டியில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. கொஞ்சம் பலவீனமான ஈரல் என்றால் யாரும் துணிந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஒரு கருவி ஈரலைப் பனியில் போடாமல் 37 டிகிரியில், இரத்தமும் ஆக்சிஜனும் ஓடவிட்டு வைத்திருக்கிறது. உடலுக்கு வெளியே, பெட்டிக்குள் அந்த ஈரல் பித்தநீர் சுரக்கும். சுரப்பதைப் பார்த்தே அது தேறுமா என்று முடிவெடுக்கலாம். 2018-இல் வந்த ஆய்வில், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஈரல்கள் பாதியாகக் குறைந்தன. சூரிச்சில் ஒரு குழு இன்னும் போய், யாரும் எடுத்துக்கொள்ளாத ஒரு ஈரலை மூன்று நாள் கருவியில் வைத்துத் தேற்றி, 2021 மே மாதம் ஒருவருக்குப் பொருத்தியது. ஒரு வருடம் கழித்தும் அவர் நன்றாக இருந்தார். பன்றி ஈரல் பற்றியும் செய்திகள் வருகின்றன. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். ஈரல் நிபுணர் மருந்து எழுதவில்லை. இந்த எண்ணுக்கு முதலில் எடை, ஒரு வருடம் பார்ப்போம் என்றார். 84 கிலோவிலிருந்து 77-க்கு வந்தேன். பத்து சதவீதம் எட்டவில்லை, எட்டேகாலோடு நின்றுவிட்டது. பதினான்கு மாதம் கழித்து அதே படுக்கை, அதே தட்டல். 7.2. "கொழுப்பு இன்னும் இருக்கு சார்" என்று டெக்னீஷியன் கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். பரவாயில்லை என்றேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அந்த வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பாவின் ஃபைலை இன்னும் வைத்திருக்கிறார். நீல அட்டை, ஓரமெல்லாம் நைந்து போனது. மருத்துவமனைச் சீட்டுகளுக்கு அடியில் 2009-இல் எடுத்த ஒரு இரத்தப் பரிசோதனை இருந்தது. வாந்தி எடுப்பதற்கு மூன்று வருடம் முன்னால், ஏதோ காய்ச்சலுக்காக எடுத்தது. பிளேட்லெட்டைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். வைரஸ் காய்ச்சலாக இருக்கும், தானாக ஏறிவிடும் என்று அப்போது சொன்னார்களாம்.

போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். வயது 58. ஏ.எஸ்.டி. 70. ஏ.எல்.டி. 46, அதன் வர்க்கமூலம் 6.78. வட்டம் போட்ட எண் 1.1 லட்சம்.

"என்னப்பா கணக்கு?" என்றார் சித்தி.

5.44. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல சித்தி" என்றேன். அவர் ஃபைலை வாங்கி, தாள்களை வரிசைப்படி அடுக்கி, கட்டி, அலமாரியில் வைத்தார்.